நாற்பது காந்தங்களுக்கு நான் பொறுப்பு

செத்துப்போகவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். காந்தமெல்லாம் செத்துப்போன ஆபீஸ்தானே அது என்று கேட்டீர்களே, உங்களுக்கு யார் சொன்னது? மைத்துனியா? டீச்சராக இருக்கிறார்களா? எந்தப் பள்ளிக்கூடம்? சரி, வேண்டாம். பெயர் தெரிந்தால் நாளைக்கு அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கும். செத்துப்போகவில்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள்.

பஸ்ஸில் நான் யாரிடமும் பேசுகிறவன் இல்லை. ஆபீஸிலும் அதிகம் பேச மாட்டேன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் ஊருக்கு ஊர் ஒரு கதை ஓடுகிறது. எதிலும் என் பக்கம் இல்லை.

என் பெயர் மாசானமுத்து. ஒன்றியப் பயிற்சி மையத்தில் அலுவலக உதவியாளர். எட்டாவது வரை படித்தேன். தொடக்கப்பள்ளி டீச்சர்களும் சார்களும் வருஷத்தில் சில நாள் பயிற்சிக்கு வருவார்களே, அந்த இடம். பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் நடத்த வேண்டும் என்று அவர்களுக்குப் பாடம் நடக்கும். நாற்காலி போடுவது, டீ வாங்குவது, மின்விசிறியைப் போடுவது, நிறுத்துவது எல்லாம் நான்தான். ஆனால் அதெல்லாம் யாரும் செய்வார்கள். என் வேலை என்று நான் நினைப்பது சாமான் அறை. அதன் சாவி என்னிடம்தான்.

சில வருஷங்களுக்கு முன்னால் அறிவியல் பெட்டி என்று மேலிடத்தில் இருந்து வந்தது. லென்ஸ், பல்பு, வயர், சோதனைக் குழாய், காந்தம் எல்லாம் ஒரே பெட்டிக்குள் கலந்து கிடந்தன. கலந்து கிடந்தால் எப்படி எண்ணுவது? நான் எல்லாவற்றையும் வெளியே எடுத்து இனம் பிரித்தேன். லென்ஸைப் பஞ்சுக்குள் வைத்தேன். குழாய்களை வைக்கோலில் படுக்கவைத்தேன். காந்தம் நாற்பது. நீளக் கட்டை. ஒரு பாதி சிவப்பு, ஒரு பாதி நீலம். பத்துப் பத்தாகச் சேர்த்து, சிவப்புத் தலை எல்லாம் ஒரே பக்கம் வரும்படி அடுக்கினேன்.

சும்மா இருந்தனவா என்று கேளுங்கள். இல்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றை ஒன்று தள்ளும். கையை எடுத்தால் திரும்பிக்கொள்ளும். ஒன்றின் சிவப்பு இன்னொன்றின் நீலத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். பார்க்க ஒழுங்காகவே இல்லை. சணல் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினேன். முதல் வருஷம் கயிற்றை அவிழ்த்தால் துள்ளின. அடுத்த வருஷம் அவ்வளவு இல்லை. அப்புறம் மெல்ல மெல்ல அடங்கிவிட்டன. கடைசியில் கயிறு பேருக்குத்தான். வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும். அவ்வளவு பழக்கியிருந்தேன்.

பயிற்சி அன்றைக்கு மேஜையில் வெள்ளைத் துணி விரிப்பேன். ஒவ்வொரு சாமானிலும் ஒன்றை எடுத்து வரிசையாக வைப்பேன். "தொடாதீர்கள்" என்று நானே எழுதிய அட்டை ஒன்று முன்னால் நிற்கும். பயிற்சி கொடுக்கிறவர்கள் திரையில் படம் காட்டுவார்கள். டீச்சர்கள் எழுதிக்கொள்வார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் கொஞ்சம் பேர் தூங்குவார்கள், பாவம், விடிவதற்கு முன்னால் வீட்டு வேலையை முடித்துவிட்டு பஸ் ஏறி வந்தவர்கள். கடைசியில் மேஜைக்குப் பின்னால் எல்லோரும் நின்று போட்டோ எடுப்பார்கள். நான் எண்ணி உள்ளே வைப்பேன். ஒரு சாமான் உடைந்ததில்லை. ஒரு சாமான் தொலைந்ததில்லை. சோதனைக்கு வந்த அதிகாரி ஒருவர் அறையைப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு அறையை நான் எங்கயும் பாத்ததில்ல" என்றார். அவர் சொன்னதை நான் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. இப்போது உங்களிடம்தான் சொல்கிறேன்.

அப்படி இருந்த இடத்துக்குத்தான் இந்த வருஷம் ஜெபராணி மேடம் மாற்றலாகி வந்தார்கள். அறிவியலுக்குப் பயிற்சி கொடுக்கிறவர்கள். என் மகள் வயதுதான் இருக்கும். வந்த முதல் நாள் என் அட்டையை எடுத்து வாசித்தார்கள். "தொடாதீர்கள்."

"அண்ணாச்சி, இது யார் எழுதுனது?"

"நான்தான் மேடம்."

"கையெழுத்து அழகா இருக்கு. இதை நான் வச்சுக்கிடட்டா?" என்று கேட்டு, கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்கள். அதோடு அட்டை போயிற்று.

ஜூன் மாதம் நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு டீச்சர்களுக்கு அறிவியல் பயிற்சி. முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். மேடம் திரையை விரிக்கவே இல்லை. தரையில் சமுக்காளம் போடச் சொன்னார்கள். எல்லோரையும் வட்டம் வட்டமாக உட்கார வைத்துவிட்டு, "அண்ணாச்சி, காந்தம் அத்தனையும் கொண்டாங்க" என்றார்கள்.

"ஒண்ணு வச்சிருக்கேன் மேடம், மேஜையில."

"அத்தனையும்."

நான் நாலு கட்டுகளையும் கொண்டுவந்தேன். எண்ணிக் கொடுத்தேன். கட்டின கயிற்றையும் எண்ணிக் கொடுத்தேன். தட்டுத் தட்டாகக் குண்டூசி போட்டு, "எதை இழுக்குது, எந்த இடத்துல ரொம்ப இழுக்குது, பாத்துச் சொல்லுங்க" என்றார்கள் மேடம்.

சங்கரவடிவு டீச்சர் என்று மேலக்கருவேலம் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிறது. சத்தம் போட்டுப் பேசாதவர்கள். அவர்கள்தான் முதலில் காந்தத்தைத் தட்டில் வைத்தார்கள். எடுத்தார்கள். ஒரு ஊசிகூட வரவில்லை. திருப்பி வைத்தார்கள். நீலப் பக்கத்தை வைத்தார்கள். இரண்டு பக்கமும் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த ஒரு சின்னப் பெண், புதிதாக வேலைக்கு வந்த டீச்சர், "டீச்சர், போர்டுல வரஞ்சே பழகிட்டியளோ, பிடிக்கத் தெரியலியே" என்று சிரித்துவிட்டாள். டீச்சருக்கு முகம் கறுத்துவிட்டது. காந்தத்தை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டுக் கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார்கள்.

அப்புறம் அந்தச் சின்னப் பெண் வைத்துப் பார்த்தாள். அவளுக்கும் வரவில்லை. அடுத்த வட்டத்திலும் வரவில்லை. மேடம் ஒவ்வொன்றாக வாங்கி ஊசிமேல் வைத்தார்கள். கடைசியில் என்னைப் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி, இதை எப்படிய்யா வச்சிருந்தீங்க?"

எனக்கு அன்றைக்குச் சந்தோஷம்தான். யாராவது கேட்க மாட்டார்களா என்று இத்தனை வருஷம் இருந்தவன். முப்பத்தெட்டுப் பேர் பார்க்கும்போது எனக்குக் குரல் வராது. ஆனாலும் சொன்னேன். பத்துப் பத்தாகக் கட்டியதையும், சிவப்புத் தலை எல்லாம் ஒரே பக்கம் வைத்ததையும், துள்ளினதை எல்லாம் அடக்கினதையும் சொன்னேன்.

அப்புறம் பின்னால் இருந்து ஒரு சார், "அடக்கம் பண்ணிட்டாருங்க" என்றார். கொல்லென்று சிரித்தார்கள். மேடமும் சிரிக்க வாயெடுத்தார்கள், ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். அந்த வார்த்தைதான் உங்கள் மைத்துனி வரைக்கும் வந்திருக்கிறது.

மேடம் தனியாகக் கூப்பிட்டு விளக்கினார்கள். ஒரே தலையைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டி வைத்தால் ஒன்றின் பலத்தை ஒன்று தின்றுவிடுமாம். மாற்றி மாற்றி வைக்க வேண்டுமாம். இரண்டு முனையிலும் இரும்புத் துண்டு கொடுக்க வேண்டுமாம். நான் கேட்டேன், "மேடம், என் வீட்டுல மாடு கட்டித்தான் கிடக்கு. ரெண்டு வேளையும் பால் கறக்குது. கட்டிவச்சா பலம் போகுமா?" மேடம் டீ வாங்கிவரச் சொன்னார்கள். பதில் இருந்தால் சொல்லியிருப்பார்கள்.

சண்டை வந்தது அதற்கு மேல்தான். புதுக் காந்தம் வேண்டுமென்றால் பழையதைக் கழிக்க வேண்டும். கழிக்க வேண்டுமென்றால், யார் பொறுப்பில் இருந்ததோ அவர் கையெழுத்துப் போட வேண்டும். "என் பொறுப்பில் இருந்தபோது பயனற்றுப்போயின" என்று ஒரு வரி. அதன் கீழே மாசானமுத்து. அவ்வளவுதான். அது இல்லாமல் ஒரு காந்தம்கூட மேலிருந்து வராது.

நான் போடவில்லை.

ஏன் போட வேண்டும்? வரும்போது நாற்பது. இப்போது நாற்பது. கீறல் இல்லை, துரு இல்லை, சாயம் போகவில்லை. வாங்கும்போது எனக்குக் கொடுத்த தாளில் "காந்தம் நாற்பது" என்றுதான் இருந்தது. இழுக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

மேற்பார்வையாளர் ஐயா கூப்பிட்டார். "வே மாசானம், ஒரு கையெழுத்துதானவே. உம்ம சொத்தையா எழுதிக் கேக்குதோம்?"

"எண்ணிக்கை சரியா இருக்கு ஐயா."

"எண்ணிக்கைய வச்சு ஊறுகாயா போடச் சொல்லுதீரு? மெமோ குடுத்தா என்ன செய்வீரு?"

"வாங்கிக்கிடுவேன் ஐயா. பத்திரமா வச்சுக்கிடுவேன்."

அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "அதுல சந்தேகமே இல்லவே. நீரு பத்திரமாத்தான் வப்பீரு."

மெமோ கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அப்போதும் போடவில்லை.

ஒரு சனிக்கிழமை சங்கரவடிவு டீச்சர் வந்தார்கள். ஆபீஸில் யாரும் இல்லை. சாமான் அறை வாசலில் நின்றுகொண்டு சொன்னார்கள்: "அண்ணாச்சி, நான் உங்களைக் குறை சொல்ல வரல. வருஷா வருஷம் சிவப்புச் சாக்பீஸ், நீலச் சாக்பீஸ் வச்சு வரஞ்சுதான் காந்தம் நடத்துதேன். போன வருஷம் ஒரு பிள்ள எந்திச்சு வந்து, சட்டையில குத்தியிருந்த ஊக்கைக் கழத்திப் போர்டுல வச்சுப் பாத்துச்சு. ஒட்டலியே டீச்சர்னு கேட்டுச்சு. எனக்கு இன்னும் ரெண்டு வருஷந்தான் இருக்கு. ஒரு தடவையாவது நெசக் காந்தத்த வச்சு நடத்திட்டுப் போறேன். கையெழுத்தப் போடுங்களேன்."

டீச்சர் என்றால் எனக்கு மரியாதை உண்டு. நான் தலை நிமிரவில்லை. அவர்கள் காலில் போட்டிருந்த செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். "டீ சொல்லட்டுமா டீச்சர்" என்று மட்டும் கேட்டேன். அவர்கள் வேண்டாம் என்று போய்விட்டார்கள்.

நான் கல்நெஞ்சக்காரன் என்று நினைக்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள். நான் கையெழுத்துப் போட்டால் என்ன அர்த்தம்? நாற்பது உயிர் என் கையில் செத்தது என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி. எதையும் தொலைக்காதவன் என்று பெயர் எடுத்தவன் நான். போகிற காலத்தில் அந்தத் தாளோடு போகச் சொல்கிறீர்களா?

இரண்டு வாரம் கழித்து அதே முப்பத்தெட்டுப் பேருக்கும் அடுத்த சுற்றுப் பயிற்சி. ஜெபராணி மேடம் ஒரு சாக்குப் பையோடு வந்தார்கள். உள்ளே வளையம் வளையமாகக் கறுப்புக் கட்டிகள். மைக் செட் கடையில் கிழிந்துபோன ஸ்பீக்கர்கள் கிடக்குமே, அதன் அடியில் இருக்கிற காந்தம். கடைக்காரரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தார்கள்.

"அண்ணாச்சி கையெழுத்துப் போட மாட்டாரு. புதுசு வராது. அதனால இன்னைக்கு இந்த நாற்பதையும் நாமளே எழுப்பப் போறோம்" என்றார்கள். என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்கள். நானும் பார்த்துக்கொண்டேதான் நின்றேன்.

எப்படி எழுப்புவது என்றால், கறுப்புக் கட்டியை நம் காந்தத்தின் ஒரு முனையில் வைத்து மறு முனை வரை தேய்க்க வேண்டும். முடிந்ததும் கையைத் தூக்கி, பழைய முனைக்கே கொண்டுபோய் மறுபடி தேய்க்க வேண்டும். ஒரே போக்குத்தான். திரும்பி வரும்போது தேய்த்தால் கெட்டுப்போகும். முப்பத்தெட்டுப் பேரும் சமுக்காளத்தில் உட்கார்ந்து தேய்த்தார்கள். ஆரம்பத்தில் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. அம்மியில் அரைக்க வந்தோமா, பயிற்சிக்கு வந்தோமா என்றார் ஒரு டீச்சர். அடக்கம் பண்ணிட்டாரு என்று அன்றைக்குச் சொன்ன சார் அவசரத்தில் முன்னும் பின்னும் தேய்த்தார். அவருக்கு ஒன்றும் வரவில்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஏன் வரவில்லை என்று மேடம் சொல்லவில்லை. "நீங்களே பாருங்க" என்று போய்விட்டார்கள். அவர் பக்கத்தில் இருக்கிறவர்கள் கையைப் பார்த்து, தன் கையைப் பார்த்து, கடைசியில் கண்டுபிடித்தார்.

கொஞ்ச நேரத்தில் பேச்சு நின்றுவிட்டது. தேய்க்கிற சத்தம் மட்டும்தான். அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் ஒருவரும் தூங்கவில்லை. வியர்வை ஊற்றியது. மின்விசிறியைக் கூட்டினால் குண்டூசித் தாளெல்லாம் பறக்கிறது என்று குறைக்கச் சொன்னார்கள்.

சங்கரவடிவு டீச்சர் சுவரோரம் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து நேராக என்னிடம் வந்தார்கள். மேடத்திடம் போகவில்லை. என்னிடம் வந்தார்கள். கையில் காந்தம். அதன் முனையில் ஒரு ஊசி, அந்த ஊசியின் முனையில் இன்னொரு ஊசி, அதன் கீழே இன்னொன்று. நடந்து வந்ததில் மூன்றும் ஆடின. ஆனால் விழவில்லை.

"பாருங்க அண்ணாச்சி" என்றார்கள்.

"மூணு" என்றேன். வேறு என்ன சொல்வது? அவர்களுக்குக் கண் நிறைந்திருந்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன். ஆனால் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்: பார்த்தீர்களா, செத்ததா அது? செத்தது எழுந்திருக்குமா? தூங்கினது. தூங்கினதைச் செத்தது என்று கையெழுத்துப் போடச் சொன்னார்களே, போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாற்பதையும் எடைக்குப் போட்டிருப்பார்கள். நான் பிடிவாதம் பிடித்ததால் பிழைத்தன. இதை இதுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நான்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

சாயங்காலம் நான் எண்ணிப் பெட்டியில் வைக்கத் தயாராக நின்றேன். இரண்டுதான் வந்தது. மீதி? மீதியை ஆளுக்கு ஒன்றாகக் கைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போகிறார்கள். நான் ஓடிப்போய்க் கேட்டைச் சாத்தினேன். என் வாழ்க்கையில் நான் யாரையும் மறித்ததில்லை. அன்றைக்குக் கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

"காந்தத்தக் குடுத்துட்டுப் போங்க."

"அண்ணாச்சி, பஸ் போயிரும்."

"குடுத்துட்டுப் போங்க."

சங்கரவடிவு டீச்சர் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் வந்தார்கள். "இது நான் தேச்ச காந்தம்" என்றார்கள். கெஞ்சவில்லை. "கை வலிக்க வலிக்கத் தேச்சேன். தர மாட்டேன். மெமோ குடுக்கச் சொல்லுங்க, வாங்கிக்கிடுதேன்."

ஜெபராணி மேடம் வந்தார்கள். "அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். இந்தக் காந்தம் செத்ததா, உசிரோட இருக்கா?"

"உசிரோடதான் மேடம். எப்பவுமே உசிரோடதான்."

"பெட்டி மூடியில என்ன அச்சடிச்சிருக்கு?"

எனக்குத் தெரியாதா? தினமும் துடைக்கிற மூடி. "தொடக்கப்பள்ளிகளின் பயன்பாட்டிற்கு."

"கெட்டுப்போன சாமானைப் பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கக் கூடாது. நல்ல சாமானைக் குடுக்காம வச்சுக்கிடலாமா?"

நான் சட்டத்துக்கு மாறாக நடந்தவன் இல்லை. கேட்டை ஒரு ஆள் போகிற அளவுக்கு மட்டும் திறந்து, அதன் பக்கத்திலேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். "வரிசையில வாங்க. பள்ளிக்கூடம் பேரச் சொல்லி, காட்டிட்டுப் போங்க" என்றேன். ஒவ்வொருவரும் கைப்பையைத் திறந்து காட்டினார்கள். முப்பத்தெட்டும் வெளியே போயிற்று. பஸ்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். "ஆனா ஒண்ணு. நான் வந்து பார்ப்பேன். எப்ப வேணாலும் வருவேன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அவ்வளவு சத்தமாக நான் பேசி எனக்கே ஞாபகம் இல்லை.

மீதி இரண்டும் அறையில் இருக்கிறது. சிவப்பும் நீலமும் மாற்றி வைத்திருக்கிறேன், முனையில் இரும்புத் துண்டும் கொடுத்திருக்கிறேன். மேடம் சொன்னதற்காக இல்லை. அப்படி வைத்தால் பெட்டியில் அடக்கமாகப் பொருந்துகிறது.

சொன்னபடி மாதா மாதம் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போகிறேன். காந்தம் இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் நாளைக்கு மறுபடி என் தலையில் கட்டுவார்கள். அதனால் பிள்ளைகளையே விட்டு, என் கண் முன்னால் ஊசியைத் தூக்கச் சொல்வேன். மேலக்கருவேலத்தில் முதல் தடவை மூன்று. அப்புறம் ஐந்து. போன தடவை நாலாகிவிட்டது. நான் முகத்தைச் சுளித்தேன். கீழே போட்டீர்களா என்று கேட்டேன். ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை, "நாங்களே தேச்சுக்கிடுவோம் தாத்தா, அடுத்த மாசம் வந்து பாருங்க" என்றது. ஒரு மரியாதை இல்லை பாருங்கள், சோதனைக்கு வந்திருக்கிறவனைத் தாத்தா என்கிறது.

நேற்று சங்கரவடிவு டீச்சர் போன் செய்தார்கள். ஒன்பது தூக்குகிறதாம். ஒன்பதுக்கு வழியே இல்லை. கடையில் சின்ன ஊசியாக வாங்கியிருப்பார்கள். அதனால் இன்றைக்கு நான் பழைய ஊசியையே பொட்டலம் கட்டி எடுத்து வந்திருக்கிறேன். எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் இனிமேல் இதே ஊசிதான். ஊசி மாறினால் கணக்கு எப்படி நிற்கும்?

அதோ வேப்பமரம் தெரிகிறதே, அதுதான் மேலக்கருவேலம், என் நிறுத்தம். கொஞ்சம் காலை ஒதுக்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள், தெரிகிறதா? டீச்சர் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. சோதனைக்கு வருகிறவனைப் பார்த்து இப்படியா சிரித்துக்கொண்டு நிற்பார்கள்? கையை வேறு ஆட்டுகிறது அந்தப் பிள்ளை. ஆட்டட்டும். என் ஊசியில் ஒன்பது வரவில்லை என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மறுபடி தேய்க்கச் சொல்லி, சாயங்கால பஸ் வரும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.